அப்பாவுக்குத் தெரியாத இடது பக்கம்

அப்பா,

இன்று காரைக்காலில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். ஓரப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட். முகவாயை வைக்கும் இடத்தை அங்கிருந்த பெண் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை.

உங்களுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்ததிலிருந்து உங்களை அழைத்துப்போனது நான்தான். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற அந்த மெஷினுக்குள் நடுப்புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியாகப் போனபோது நீங்கள் வெளிச்சம் வந்தாலும் அழுத்தினீர்கள், வராவிட்டாலும் அழுத்தினீர்கள். எல்லாம் தெரிகிறது என்று காட்டிவிடலாம் என்று நினைத்தீர்கள்.

ஆனால் கண் நரம்பைப் படமெடுக்கும் ஸ்கேனை ஏமாற்ற முடியவில்லை. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நரம்பு போன தடவையைவிட மெலிஞ்சிருக்கு. டெஸ்ட்டுல வெளிச்சமே வராதப்ப அழுத்தியிருக்கீங்க. அப்படியும் இடது ஓரம் இருட்டாத்தான் காட்டுது. வண்டி ஓட்டாதீங்க. இன்னொரு நாள் வந்து சரியா செஞ்சு காட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: "சரியா அழுத்தினா நீ பைக் சாவிய வாங்கிடுவ. வயலுக்குப் போக நான் எவன் பின்னால உட்காரறது?"

அம்மாவிடம் சொன்னேன். "அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்" என்றாள். சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது. மறுபடி டெஸ்ட்டுக்கு நீங்கள் வரவே இல்லை.

அது அறுப்பு சமயம். விழிதியூர் வயலிலிருந்து ரோட்டில் ஏறும் இடத்தில், நல்ல வெயிலில், இடது பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி வந்து உங்கள் பைக்கில் மோதியது. லாரியை ஓட்டிவந்தவர் பூவம் ஊர்க்காரர். நம் சொந்தக்காரர்கள் அவரை அடித்தார்கள். ஸ்டேஷனில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தார். "ஹார்ன் அடிச்சேங்க. அவரு இந்தப் பக்கம் திரும்பவே இல்லைங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நம்பியது நான் ஒருத்திதான்.

கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பாவுக்கு இடது ஓரம் தெரியாது, ஓட்ட வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார் என்று வாக்குமூலம் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "செத்த மனுசன் மேல பழி போட்டுட்டு வந்திருக்க. இனி இந்தப் படி ஏறாத."

ஏறவில்லை.

இப்போது என் கண்ணிலும் அதே நோய். சொட்டு மருந்து தவறாமல் விடுகிறேன். இன்றைய ஸ்கேன் போன தடவை மாதிரியேதான் இருக்கிறதாம். "ஒழுங்கா விட்டா இப்படியே நிறுத்தி வைக்கலாம்" என்றார் டாக்டர். உங்களுக்கும் இதையேதான் சொன்னார். இது குடும்பத்தில் வருவதாம், என் கூடப் பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொன்னார்.

தம்பிக்குப் போன் செய்தேன். உங்கள் வயலை இப்போது அவன்தான் பார்க்கிறான். பைக்கில்தான் போய்வருகிறான்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது. உன் வேலையப் பாரு" என்றான். பின்னாலிருந்து "யாருடா, அவளா? வை" என்று அம்மாவின் குரல் கேட்டது. வைத்துவிட்டான்.

உங்கள் குரல் அப்படியே வாய்த்திருக்கிறது அப்பா அவனுக்கு. பிடிவாதமும்தான். திட்டினால் திட்டட்டும். நாளைக்கும் கூப்பிடுவேன்.