பொன்னுவுக்குக் கால் ஒடிந்த நாட்கள்

மக்கா,

இன்று காலை நம் புதுக்கடை ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில் ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கிச் சுத்தம் செய்தேன். ஸ்பானருக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவே ஒரு வெள்ளை டேப் சுருள் கிடந்தது. பொன்னுவின் காலில் சுற்றியதில் மிச்சம். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

பொன்னு, உன் மனைவி செலின் லீவில் வந்தபோது வாங்கிய பறவை. தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் உள்ள மஞ்சள் காக்கடீல் கிளி. "நான் இல்லாத நேரம் ஒரு சத்தம் வீட்டில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் குவைத்துக்கு, நர்ஸ் வேலைக்குத் திரும்பிப் போனாள். சாயங்காலம் வீடியோ காலில் அவள் முகம் தெரிந்ததும் பொன்னு உன் தோளில் ஏறி நின்று சீட்டியடிக்கும். உன்னைவிட அதனிடம்தான் அதிகம் பேசுகிறாள் என்று என்னிடம் குறை சொல்வாய். சொல்லும்போது உன் முகம் சிரித்தபடிதான் இருக்கும்.

அது வீட்டுக்குள் பறந்து ஃபேனில் அடிபட்டுவிடுமோ என்று உனக்குப் பயம். சிறகை வெட்டிவிடலாம் என்று சொன்னது நான். சவுதியில் வேலை பார்த்தபோது என் ரூமில் ஒருவன் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "வேண்டாம்லே, அது பாவம்" என்றாய். நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிவிட்டேன்.

மறுநாள் மதியம் உன் வீட்டில் நாம் இரண்டு பேரும் சோறு தின்றுகொண்டிருந்தோம். நீ அலமாரி மேல் உட்கார்த்தி வைத்திருந்த பொன்னு, வழக்கம்போல உன் தோளைப் பார்த்துப் பாய்ந்தது. சிறகு தாங்கவில்லை. நேராகத் தரையில் விழுந்தது. சத்தம் சின்னதுதான். போய்ப் பார்த்தால் வலது கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அது கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நான் சுவரோரம் நின்றுவிட்டேன். நீதான் துண்டை விரித்து அதைப் பொதிந்து எடுத்தாய். "ஒண்ணும் இல்ல மோளே, ஒண்ணும் இல்ல" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

நாகர்கோவிலில் பறவைகளைப் பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோனோம். பழம் வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதை நான் மடியில் வைத்திருந்தேன், என் ஆட்டோவை நீ ஓட்டினாய். ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி, பைய இறக்கி, பைய ஏற்றினாய். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தி ஏசினான். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் காலை நேராக்கி டேப் சுற்றினார். "மூணு வாரம் ஏறவும் தாவவும் விடாதீங்க. சின்னப் பெட்டியில கதகதப்பா, சத்தமில்லாம இருக்கட்டும். தீனி எடுத்தா பிழைச்சுக்கும்" என்றார். பிறகு சிறகை விரித்துப் பார்த்து, "இதை யாரு வெட்டினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் சார்" என்றாய்.

வெளியே வந்து, "ஏன்லே அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"யாரு வெட்டினா என்ன மக்கா. நானும் பாத்துகிட்டுதானே இருந்தேன்."

சாயங்காலம் செலினிடமும் அதையேதான் சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன். போனில் அவள் முகம் மாறுவது எனக்கும் தெரிந்தது. "ஒரு குருவியப் பாத்துக்கத் தெரியல்லயா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கூப்பிடவில்லை. நீ கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் நாளைக்குத் தள்ளினேன். அவள் முன்னால் கெட்ட பெயர் வாங்க எனக்குத் துணிவில்லை.

நீ தூரத்துச் சவாரியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு மணிக்கூருக்கு ஒருதடவை வீட்டுக்கு ஓடினாய். இரண்டு நாள் பொன்னு எதையும் தொடவில்லை. தினையை ஊறவைத்து விரல்நுனியில் ஒட்டி, தரையில் படுத்துக்கொண்டு பெட்டிக்குள் நீட்டிக் காத்திருந்தாய். மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்து, "தின்னுது மக்கா" என்றாய்.

கால் சேர்ந்தது, கொஞ்சம் வளைவு மட்டும் உண்டு. எட்டாம் நாள் செலினும் கூப்பிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன வருடம் நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன ஆட்டோவை நான்தான் ஓட்டினேன். அன்று நான் ஒரு குழியையும் பார்க்கவில்லை. இருந்தும் நேரம் போதவில்லை.

செலின் வேலையை விட்டு வந்துவிட்டாள். பொன்னுவுக்குச் சிறகு எப்போதோ முளைத்துவிட்டது, இப்போது அவள் தோளில்தான் இருப்பு. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரம் பார்த்துப் போனேன். சிறகை வெட்டியது நான் என்று சொன்னேன்.

"அப்போ அந்த ஒரு வாரம்..." என்றவள் முடிக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். பொன்னுவைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அந்த வாரம் அவிய எப்பிடி இருந்தாவ அண்ணா?"

சொன்னேன். தரையில் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். அவள் கூப்பிடுகிற ஆறு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, போனைப் பெட்டிப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து நீ உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஏழு மணி ஆனதும், "டூட்டி இருக்கும்லே அவளுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனதையும் சொன்னேன்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.

அவள் இல்லாமல் போன அந்த ஏழு நாளும் என்னிடம்தான் இருக்கிறது, மக்கா. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். நினைவுக்கு வருவதை எல்லாம், ஒன்றும் விடாமல், அவளிடம் சொல்லுவேன்.