மீனுக்குப் போன மின்விசிறி

வெண்டல்,

உன் கடல்மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே ஓட்ஸ் கஞ்சி குடிக்க முடியவில்லை, சிங்க்கில் கொட்டிவிட்டேன். கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி, மணல்மேல் சளி மாதிரி ஏதோ. சீ! நேற்று, "புதுத் தொட்டின்னா அப்படித்தான், கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி, தானாப் போயிடும்" என்றாய். "எது, பாசியா, நானா?" என்று கேட்டேன். நீ போய்த் தொட்டிக்கு இன்னொரு விளக்கு வாங்கி வந்தாய். பாசிக்கு விருந்து!

ஏ.சி. மறுபடி நின்றுவிட்டது. இந்த டூசான் பாலைவன வெயிலில் தொட்டித் தண்ணீர் இப்போதே எண்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட், மீனுக்கு எண்பதே அதிகம். பெரிய மீன், என் பெயர் வைத்தாயே அதுதான், மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து, படுக்கையறை மின்விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்திருக்கிறேன். அணைக்காதே. விளக்குப் போடாதே, ஜன்னல் திரையைத் திறக்காதே. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்று. போன தடவை மாதிரி உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக் கருவாடுதான்.

பிரிட்ஜில் பீன்ஸ் குழம்பு இருக்கிறது. பக்கத்து டப்பா மீன் தின்னும் இறால். போன வாரம் அதைத்தான் சூடாக்கி, "உப்புக் கம்மி" என்று சொல்லிக்கொண்டே தின்றேன்.

ரோண்டா

பி.கு.: இன்று வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று நேற்று சொன்னது கோபத்தில்.

இன்னொன்று: காற்றில்லாமல் எனக்குத் தூக்கம் வராது. வேறு மின்விசிறி வாங்கி, கட்டிலில் என் பக்கம் வை.