நாற்பது லிட்டர் ஹைட்ரசீன்

செவ்வாய்த் தளம். நாள் 212, 07:10
எழுதுவது செண்பகவல்லி, வேதியியலாளர். தளத்தில் நாங்கள் இருவர்தான். மற்றவர் நிலவியலாளர் சூசை பர்னாந்து. பள்ளத்தாக்குக்குப் போனவர் வண்டியின் அச்சு முறிந்து அங்கேயே நிற்கிறார். நாள் 215 மாலை வரை அவருக்கு ஆக்சிஜன் இருக்கிறது. அழைத்துவரப் பறக்கும் கலம் உண்டு, அதற்கு எரிபொருள் இல்லை. நாற்பது லிட்டர் ஹைட்ரசீன் காய்ச்ச வேண்டும். அம்மோனியா தாராளமாக இருக்கிறது. நீரில் கரைத்து, பிளீச்சிங் கரைசல் சேர்த்துச் சூடாக்கினால் வந்துவிடும். கல்லூரிப் பாடம்தான்.

நாள் 213, 06:40
வரவில்லை. காய்ச்சும் கலன் முழுக்கக் குமிழி. சோதித்தால் வெறும் நைட்ரஜன். இரண்டு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்திருந்தால் ஹைட்ரசீன். இவை சேர்ந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன. வெப்பத்தை மாற்றினேன், அளவை மாற்றினேன். எரிச்சலில் கலனை ஓங்கி உதைத்தேன். கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

நாள் 214, 11:20
கரைசலில் ஒரு கிண்ணம் எடுத்துச் சுண்டக் காய்ச்சினேன். அடியில் நீலம். செம்பு! துளி செம்பு இருந்தாலும் ஹைட்ரசீன் உருவாகும்போதே சிதைந்துவிடும். இங்கே குழாய்கள் எல்லாம் எஃகு. குடிநீர்த் தொட்டியிலிருந்துதான் நீர் எடுத்தேன். சூசையை வானொலியில் அழைத்துக் கேட்டேன்.

சூசை: "செம்புத் தகடு ஒண்ணு தொட்டியில போட்டுட்டு வந்தேம்மா. நீ முட்டு வலி, முட்டு வலின்னு சொன்னேல்லா. செம்புத் தண்ணி அதுக்கு நல்லது."

நான்: "யாரு ஒங்களக் கேட்டா? ஒங்க உசிரக் கொண்டுபோய் அந்தத் தொட்டிக்குள்ள போட்ருக்கீங்க! இனி எங்கிட்டப் பேசாதீங்க!"

சூசை: "சரிம்மா."

நாள் 214, 19:05
மிச்ச அம்மோனியாவும் அதே நீரில்தான் கரைந்திருக்கிறது. செம்பை வினையில் சேரவிடாமல் பிடித்துவைக்க ஜெலட்டின் வேண்டும். சனியன், சமையலறையில் இல்லை. மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். மாத்திரைக் கூடுகள் ஜெலட்டின்! உள்ளே இருந்த மருந்தையெல்லாம் கொட்டிவிட்டு, கூடுகளை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். குமிழி அடங்கியது. அழுதுவிட்டேன்.

சொல்வதற்கு அழைத்தேன். பதில் இல்லை. கோபமாக இருப்பார். இருக்கட்டும்.

நாள் 215, 09:30
வடித்து முடித்தேன். நாற்பத்தொரு லிட்டர். கலத்தில் ஊற்றினேன், இயந்திரம் நன்றாகப் பிடிக்கிறது. விடியலிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் வானொலி திறந்துதான் இருக்கிறது. ஆக்சிஜன் எச்சரிக்கை மணி மட்டும் கேட்கிறது. மாலை வரை இருக்க வேண்டுமே, ஏன் இப்போதே அடிக்கிறது?

நாள் 215, 10:15, கலத்திலிருந்து
வண்டி கீழே தெரிகிறது. விளக்கு எரிகிறது. கதவு மூடியிருக்கிறது.

நான்: "அண்ணே, ஹைட்ரசீன் வந்துருச்சு. நானும் வந்துட்டேன். நேத்து கோவத்துல சொல்லிட்டேன். பேசுங்கண்ணே. அண்ணே, பேசுங்க..."