மருமகன் எடுத்துப்போன பதினாறு பக்கங்கள்

நாரின், 4 செப்டம்பர் 1997

முற்றுப்புள்ளிகளின் பரம வைரியும், என் அக்காள் பெற்ற ஒரே பிள்ளையுமான மெடெருக்கு,

ஆட்டு வைத்தியன் ஷார்ஷென் மாமா எழுதுவது. நானும் இம்மலையின் ஒன்பதாயிரம் ஆடுகளும் உன்னை விசாரிக்கிறோம்.

உன் முதல் நாவலில் முற்றுப்புள்ளியே இல்லை. படித்த தபால்காரர் மூச்சுமுட்டி மூன்று நாள் படுத்துவிட்டார். இரண்டாவதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னாய்; தொடங்கி, அங்கேயே முடித்துக்கொண்டேன். மூன்றாவதற்குப் பரிசாமே. ஐந்தாம் அத்தியாயம் 'உணர்ச்சி துடைத்த உன்னத நடை' என்று பத்திரிகை புல்லரிக்கிறது. வாங்கிப் பார்த்தேன். அது என் ஆட்டுச் சொறிக் கையேடு! நம் இருவர் புத்தகத்தையும் ஒரே அச்சகத்தில் தைத்தபோது ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், இடம் மாறிவிட்டது. என் மருந்தளவுகள் உன் நாவலில். உன் அத்தியாயம் என் கையேட்டில்.

மருமகன் தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்காமல் எடுக்கலாம் என்பது நம் வழக்கம். என் சேணத்தை எடுத்தாய், குதிரையையும் எடுத்தாய், சிரித்தேன். இது அப்படியில்லை. இருநூறு கையேடுகள் மலையெங்கும் போய்விட்டன. பனிக்கு முன் மருந்துக் குளியல் போடாவிட்டால் மந்தைகள் போய்விடும். அச்சகத்தாரிடம் உண்மையைச் சொல். நான் சொன்னால் பொறாமைக் கிழவன் என்கிறார்கள்.

அன்புள்ள மாமன்,
ஷார்ஷென்

பிஷ்கெக், 13 செப்டம்பர்

மாமா,

வணக்கம். ஆடுகளுக்கு என் அனுதாபம். இருபது வருஷம் எழுதி, இப்போதுதான் என்னை மனிதனாக மதிக்கிறார்கள். பரிசு விழா முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

மெடெர்

நாரின், 21 செப்டம்பர்

மகா மேதைக்கு,

மேய்ப்பர் ஒஸ்மோன் மலையிலிருந்து இரண்டு நாள் குதிரையில் இறங்கி வந்தார். அவருடைய நாற்பது ஆடுகள் பாறையில் தேய்த்துத் தேய்த்து ரத்தமாய் நிற்கின்றன. கையேட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "டாக்டரே, இதுல மருந்து எங்கய்யா இருக்கு? ஒரு பொம்பள பால் கறந்துகிட்டே இருக்கா" என்றார். அவருக்கு அளவைக் கையால் எழுதிக் கொடுத்தேன்; மலையெங்கும் உள்ள மற்றவர்களுக்கு?

ஷார்ஷென்

பிஷ்கெக், 2 அக்டோபர்

மாமா,

மேடையில் சொல்லிவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் என்னுடையதல்ல, ஆட்டுச் சொறிக் கையேடு என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். 'ஆசிரியனையே அழித்துவிட்ட துணிச்சல்' என்றார் தலைவர். அச்சக முதலாளிதான் அதிகம் தட்டினார்.

நாவலின் விற்காத முந்நூறு பிரதிகளையும் வாங்கி, உங்கள் மருந்துப் பக்கங்களை நானே கிழித்தெடுத்தேன். லாரியில் வருகின்றன. இனி நான் எழுதப் போவதில்லை.

மெடெர்

நாரின், 24 அக்டோபர்

மருமகனே,

ஆடுகள் குளித்தாயிற்று. மறுநாளே பனி விழுந்தது. அதுகூட உன்னைப்போல் யோசிக்காமல் வந்தது.

கையேடுகளிலிருந்து உன் பக்கங்களை எடுத்துக்கொண்டேன். ஒஸ்மோன் மட்டும் தர மறுக்கிறார். அவர் மனைவிக்குத் தினம் வாசித்துக் காட்ட வேண்டுமாம். அப்படி என்ன இருக்கிறது என்று நானும் படித்தேன். குளிரில் பால் கறந்து, விரைத்த விரல்களைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்கிறாள் ஒருத்தி. என் கழுத்திலும் வைத்திருக்கிறாள், என் அக்காள்.

அதில் முற்றுப்புள்ளிகள்கூட இருக்கின்றன. நீ எழுதியதில் மனிதர் படிக்கக்கூடியது அது ஒன்றுதான். பார், அச்சகத்தாரே அதை உன் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டார்கள்.

மருமகனிடமிருந்து மாமன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. எடுத்துக்கொண்டேன். வேண்டுமானால் நேரில் வந்து பிடுங்கிக்கொள். வரும்போது என் சேணத்தைக் கொண்டு வா.

ஷார்ஷென்