கதவு தட்டப்படும் நேரம்

அன்புள்ள மகளே,

நன்றி நவிலல் நாள் வான்கோழி விருந்துக்கு வந்தவள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கிறிஸ்துமஸ் பட சேனலின் சந்தாவை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். "எல்லாம் ஒரே கதைம்மா, மூளை மழுங்கிடும்" என்று அப்பா காதுபட வேறு சொன்னாய்.

ஒரே கதைதான். எனக்குத் தெரியாதா? நகரத்துக்காரி பனியில் வழுக்கி விழுவாள், கிறிஸ்துமஸ் மரம் விற்கிறவன் தூக்கிவிடுவான். முத்தம் கொடுக்கப் போகிற நேரத்தில் எவனாவது கதவைத் தட்டுவான். உன் அப்பா நாற்காலி நுனிக்கு வந்து, "பாரு, இப்ப தட்டப்போறான்!" என்பார். தட்டுவான். "நான் சொன்னேன்ல?" என்று என் தொடையில் ஒன்று போடுவார்.

நீ போட்டுவிட்டுப் போன, விருது வாங்கின படத்தை நேற்று பார்த்தோம். "இவ யாரு? அவன் எங்க போனான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்.

விருந்தன்று அவரை எத்தனை தடவை திருத்தினாய்? "அது போன வருஷம்ப்பா." "லார்ஸ் சித்தப்பா செத்து மூணு வருஷமாச்சுப்பா." "இப்பதானேப்பா சொன்னேன்?"

உன் ஃபோனில்தானே நிறுத்தினாய், அதிலேயே திருப்பிப் போடு. இன்றைக்கே. அவர் சொன்னது சொன்னபடி நடக்கிற இடம் இந்த வீட்டில் அந்தச் சேனல் ஒன்றுதான்.

உன் அம்மா