இல்லாத குழியும் சாம்பல் புள்ளியும்

12, செவ்வாய்

காலையில் தூறல். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் துப்பட்டா நனைந்தது. வார்ப்புகளில் குழி அளக்க நான் செய்த கேமராப் பெட்டியை, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மாட்டியாயிற்று. கேமரா மேலும் கீழும் நகரும். வார்ப்பின் ஒரு புள்ளி எந்த உயரத்தில் கூர்மையாகத் தெரிகிறதோ, அதை வைத்துக் குழியின் ஆழம். சனிக்கிழமை முதலாளி பார்ப்பார். பிடிக்காவிட்டால் பெட்டியோடு வீட்டுக்கு. இரண்டு வருட உழைப்பு.

13, புதன்

மானம் போயிற்று. வழவழவென்ற இடத்தில் மூன்று மில்லிமீட்டர் குழி என்கிறது பெட்டி. கையால் தடவியே குழி கண்டுபிடிக்கும் மரகதம் அக்கா: "ஏனுங்க அம்மணி, இல்லாத குழியில உங்க பொட்டி உளுந்துபோட்டுதுங்களா?" எல்லோரும் சிரிப்பு.

14, வியாழன்

பெட்டி போட்ட கூர்மை வரைபடங்களைப் பார்த்தேன். நல்ல புள்ளியில் கூர்மை மலைபோல ஏறி இறங்குகிறது. கெட்ட புள்ளியில் சப்பைத் தரை. உச்சியே இல்லை, ஆனாலும் என் புரோகிராம் எதையோ உச்சி என்று பிடித்துக்கொள்கிறது. ஏன்? ஒரே பளபளப்பு. கேமரா பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பு கிடையாது.

காரணம் ம. அக்கா! ஒவ்வொரு வார்ப்பையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறார். "போட்டோ புடிக்கறப்ப அழுக்கு மூஞ்சியோடவா வெக்கறதுங்க?" கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. சே, என் வாய்.

15, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்க கண்ணு."

எண்ணெய் நிறுத்தியும் லேத்தில் கடைசல் பிடித்த இடங்கள் பளபளக்கின்றன. அதனால் புது ஏற்பாடு: உச்சி சப்பையாக இருந்தால் எண் கிடையாது, திரையில் சாம்பல் நிறம் மட்டும். பெட்டி சொன்னதைக் காட்டாமல் ம. அக்காவை குழியின் ஆழம் பார்க்கும் டெப்த் கேஜால் அளக்கச் சொன்னேன். எண் வந்த இடமெல்லாம் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர. அங்கே பெட்டி பிடித்தது மேலே இருந்த ட்யூப்லைட்டின் பிம்பத்தை. அணைத்தேன், அதுவும் சாம்பல். அப்பாடா. பூஜைப் பொரி இரண்டு கை.

16, சனி

முதலாளி வந்தார். திரையில் கால்வாசி சாம்பல். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மிசினுங்களா?" ம. அக்கா சும்மா இருந்திருந்தாலே போதும், பெட்டி போயிருக்கும், அவர் வேலைக்குப் போட்டியே இல்லை. ஆனால் பேசினார்.

"ஏனுங்க, தெரிஞ்சாப்பல நடிக்கலீங்களே. அது சொல்றதை நம்புங்க. சாம்பலை நான் தடவிப் பாத்துக்கறனுங்க."

முதலாளி: "செரி, இருக்கட்டும்."

அழுதேவிட்டேன். ம. அக்கா ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அளுகறதெல்லாம் அப்புறம். அடுத்ததை வெய்யுங்க அம்மணி."