ஜெரூஷாவின் விளையாட்டுக்கு நான் போட்ட ‘இல்லை’

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. போன மாதம் லாரிக்காரனோடு நான் சண்டை போட்டதுதான் காரணம் என்கிறாள் ஜான்சி. அரைத் தொட்டி ஊற்றிவிட்டு முழுத் தொட்டி என்பவனோடு சண்டை போடாமல் இருக்க நான் என்ன கல்லா? நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் இவளுக்கு என்னைத் தெரியவில்லை.

ஜெரூஷா போன் செய்தாள். வியாழக்கிழமை அவளுடைய விளையாட்டு வெளிவருகிறது. பெருங்குடியில் ஒரு மாடியறையில் நான்கு பேர் உட்கார்ந்து மூன்று வருடம் செய்தது. பேங்க் வேலையை விட்டுவிட்டு என் மகள் அதற்குப் போனாள். அப்போது நான் அவளோடு ஆறு மாதம் பேசவில்லை. இப்போது அவளைவிட எனக்குத்தான் கவலை. முதல் போட்டவர்கள் ஜூலை தொடக்கம் வரைதான் பார்ப்பார்களாம். வாங்கி ஆடுகிறவர்கள் நல்லவிதமாக எழுதாவிட்டால் அந்த மாடியறையைப் பூட்டிவிட்டு அவள் பெங்களூரில் வேலை தேட வேண்டியதுதான்.

ஜூன் 12, வியாழன்

வெளிவந்துவிட்டது. எனக்கு இலவசமாகச் சாவி அனுப்புகிறேன் என்றாள். சாவி என்பது எண்ணும் எழுத்துமாக ஒரு வரி, அதைத் தட்டினால் விளையாட்டு நம் கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். வேண்டாம் என்றேன். ஓசியில் நான் ஒரு பேனாகூட வாங்கியதில்லை.

“சொந்தக்காரங்க எல்லாரும் சாவி குடு சாவி குடுன்னு உசுர வாங்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் வேணாங்கிறீங்க” என்றாள்.

கடையில் வாங்குவது போலக் காசு கட்டி வாங்கினேன். அதற்கும் அவளுக்கு வருத்தம்தான் போல.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஆட்டம்தான். அறுபத்தொன்பது வயதில் வீடியோ கேமா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். மடமடவென்று பொத்தானைத் தட்டுகிற ஆட்டங்கள் என் மூட்டுவலி விரலுக்கு ஆகாது. இது முறை வைத்து ஆடுவது. நான் ஒரு அடி, எதிரி ஒரு அடி. நான் முடிவு செய்யும்வரை எதிரி கத்தியை ஓங்கியபடியே நிற்பான். நான் காபி குடித்துவிட்டு வந்தாலும் நிற்பான். என்னை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் நடத்தியதில்லை.

கதை இதுதான். ஒரு கலங்கரை விளக்கத்தின் தீயை நான்கு பேர் அடுத்த விளக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் எண்ணெய் எரியும். ஓங்கி அடித்தால் அதிகம் எரியும், தடுத்து நின்றால் குறைவாக எரியும். எண்ணெய் தீர்ந்தால் இருட்டு, அத்தோடு ஆட்டம் முடிந்தது. அதனால் வலிமை இருந்தால் மட்டும் போதாது, கணக்கு வேண்டும். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஒளிவுமறைவில்லாத ஆட்டம். இதை என் மகள் யோசித்திருக்கிறாள். எங்கிருந்து கற்றாள்?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. எழுத்து சிறியதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான்.

மூன்றாவது விளக்கத்தின் வாசலில் கரைக்காவலன் என்று ஒருவன் நிற்கிறான். அவனிடம் போகுமுன் நாலு நாள் அந்தக் கடற்கரையிலேயே சுற்றி என் ஆட்கள் நால்வரையும் வலுப்படுத்தினேன். பத்தடி நடப்பதற்குள் ஏதாவது ஒரு நண்டோ பேயோ வந்து சண்டைக்கு நிற்கிறது, அது ஒரு பெரிய தொல்லை. சகித்துக்கொண்டேன். இன்று காலை காவலனோடு மோதினேன். ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தேன். விழுந்தான். ஜெயித்தேன்!

உடனே திரை கறுத்தது. அடுத்த காட்சியில் என் ஆட்கள் நான்கு பேரும் கை கட்டப்பட்டு மண்ணில் கிடக்கிறார்கள். ‘நீங்கள் தோற்றுவிட்டீர்கள்’ என்கிறான் அவன்.

விழுந்தவன் அவன். தோற்றது நானா?

பம்மல் தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். அகராதியைப் புரட்டிப் புரட்டி நானே இங்கிலீஷ் படித்து எழுதினேன். முதல் மார்க்கு எனக்கு. நாற்காலி மேனேஜர் மச்சினனுக்கு. அவனுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு. அன்றைக்கும் இதே மாதிரிதான், ஜெயித்தவனைப் பார்த்துத் தோற்றவன் என்றார்கள்.

ஜெரூஷாவுக்குப் போன் போட்டேன்.

“அது கதைப்பா. அந்த எடத்துல அவங்க புடிபடணும்.”

“அப்ப எதுக்கும்மா என்னை ஆட விட்டே?”

யாராலும் அங்கே ஜெயிக்க முடியாது என்று நினைத்துவிட்டோம், இப்போது மாற்ற நேரமும் இல்லை ஆளும் இல்லை என்றாள். குரல் களைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

விளையாட்டு விற்கிற தளத்தில் வாங்கினவர்கள் கருத்து எழுத ஓர் இடம் இருக்கிறது. என் பெயரிலேயே எழுதினேன். நல்லதையும் எழுதினேன், கெட்டதையும் எழுதினேன். எண்ணெய்க் கணக்கு, யோசிக்க விடுகிற பொறுமை, ஒளிவுமறைவின்மை, இவை பலம். நடக்கவிடாத சில்லறைச் சண்டைகள், இழுத்துக்கொண்டே போகும் நடுப்பகுதி, கிழவன் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, ஜெயித்தவனைத் தோற்கடிக்கும் அநியாயம், இவை பலவீனம்.

அடியில் ஒரு கேள்வி. இதை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா? ஆம், இல்லை. நடுவே எதுவும் இல்லை.

பெற்ற மகள் செய்த பொருளை ஊராருக்கு நான் சிபாரிசு செய்வதா? யாருக்கும் ஒரு சிபாரிசு கொடுத்ததில்லை, யாரிடமும் போய் நின்றதில்லை. என் தம்பி மகன் பென்னிக்குக்கூடச் செய்யவில்லை, அவன் அப்பன் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினான். ‘இல்லை’ என்று அழுத்தினேன். நிம்மதியாக இருந்தது.

இருந்ததா?

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பென்னி பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கிறான்.

“இன்னா பெரியப்பா, எம்பது மணி நேரம் ஆடிட்டு வேணாம்னு போட்டுகினு கீறீங்க? நடுவுல சாப்ட எழுந்தீங்களா இல்லியா?”

எத்தனை மணி ஆடினோம் என்பதை அந்தத் தளம் கருத்துக்குப் பக்கத்திலேயே காட்டுமாம். எனக்குத் தெரியாது. கீழே வேறு நாலைந்து பேர் சிரித்து எழுதியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. நூற்றுக்கு எழுபது பேர் ஆம் என்றால்தான் விளையாட்டின் மதிப்பீட்டுப் பலகை நீலமாக இருக்கும், குறைந்தால் மஞ்சள். மஞ்சள் பலகையைப் பார்த்தால் பாதிப்பேர் உள்ளேயே வரமாட்டார்கள் என்றான் பென்னி. வெள்ளிவரை நீலம். விளிம்பில் நின்றிருக்கிறது. என் ஒரு ‘இல்லை’யில் கவிழ்ந்துவிட்டது.

சேலையூரில் இருக்கும் வீடுவரை நடந்தே வந்தேன். ஜான்சி ஆட்டோவில் போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

போன் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நானும் செய்யவில்லை. பலகை மஞ்சள்தான்.

ஜூன் 28, சனி

ஜெரூஷா வந்தாள். பீரோவிலிருந்து சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு போக. அடுத்த வெள்ளிக்கிழமை பெங்களூரில் நேர்முகத் தேர்வு. வியாழன் இரவு பஸ்.

ஜான்சி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே என்னை முறைத்தாள். நானே பேச்சை ஆரம்பித்தேன். நான் எழுதியதில் எது பொய் என்று கேட்டேன்.

“ஒரு வார்த்தகூட பொய் இல்லப்பா. எங்க நாலு பேர்லயே யாரும் உங்கள மாதிரி கவனிச்சு ஆடல.”

“பின்னே?”

“நான் சும்மா குடுத்த சாவில ஆடியிருந்தா உங்க ஓட்டு கணக்குலயே சேராது. நீங்க காசு கட்டி வாங்கினவரு. அதான் செல்லுது.” இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு முள்ளை எடுப்பதில் குனிந்துவிட்டாள்.

மாற்றுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். கேட்காமல் போய்விட்டாளே.

ஜூன் 30, திங்கள்

பி.பி. ஏறியிருக்கிறது. கிளினிக்கில் ஏதாவது கவலையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எதைக் கேட்டாலும் எனக்கு இல்லைதான் வாயில் வருகிறது.

“ஏங்க, அந்தப் பலகையவே பாத்துகிட்டு இருந்தா கலர் மாறிடுமா?” என்கிறாள் ஜான்சி.

அவளுக்கென்ன தெரியும்? நான் சொன்னது சரி. சரியைச் சொல்லிவிட்டு ஏன் இப்படித் திருடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்?

ஜூலை 1, செவ்வாய்

ஆட்டத்தைத் திறந்தேன், ஆடவில்லை. ஒரு நண்டு கொடுக்கை ஓங்கியபடி நின்றது. மாலைவரை நின்றது. இப்படி நின்று நின்று என்னைக் கெடுத்துவிட்டது இந்த ஆட்டம். ஜெரூஷாவின் பஸ் நிற்காது.

அந்த மச்சினனுக்குச் சிபாரிசு செய்தவன் வேலை தெரியாதவனை வேலை தெரிந்தவன் என்றான். அது பொய். இவள் செய்தது நன்றாக இருக்கிறது. குறையோடு நன்றாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் நான் எதை அழுத்தியிருப்பேன்?

ஆம் என்றுதான்.

அப்படியானால் என் மகள் என்பதற்காகத்தானே இல்லை என்றேன். அது மட்டும் நியாயமா?

ஜூலை 2, புதன்

மாற்றிவிட்டேன். ‘ஆம்’.

குறைகளில் ஓர் எழுத்தைக்கூட எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இதைச் செய்தவர்களில் ஒருத்தியின் தகப்பன் நான். என் சிபாரிசை அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.’ அது இல்லாமல் என்னால் அழுத்த முடியவில்லை.

பென்னி போனில், “பெருசு கவுந்துடுச்சா?” என்றான். வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் ஜெரூஷாவிடமிருந்து போன். பெங்களூரிலிருந்து என்று நினைத்தேன். பெருங்குடியிலிருந்துதான் பேசினாள். பஸ் ஏறவில்லை.

என் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத் தளத்துக்காரர்கள் என் ஓட்டைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். சொந்தக்காரர் ஓட்டு சேராது. எழுதியது அப்படியே இருக்கிறது, எண்ணிக்கையில் மட்டும் நான் இல்லை. ‘இல்லை’ ஒன்று குறைந்ததுமே பலகை நீலமாகிவிட்டது. என் ‘ஆம்’ தேவைப்படவில்லை. முதல் போட்டவர்கள் டிசம்பர் வரை பொறுக்கிறோம் என்று நேற்று மாலை சொல்லியிருக்கிறார்கள். டிசம்பருக்குப் பிறகு என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

“அந்த ஒரு வரிய எடுத்துட்டீங்கன்னா உங்க ஓட்டும் சேந்துடும்பா. எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

“எடுக்க முடியாது.”

“அப்ப செல்லாத ஓட்டுக்கு எதுக்கு ஆம்? உங்க கொள்கைப்படி இல்லைன்னே மாத்திக்கோங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“அதுவும் முடியாது. போட்டது போட்டதுதான்.”

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, போனில் தெரியவில்லை. பிறகு, கரைக்காவலனை எப்படி விழ வைத்தீர்கள், என் கண்முன்னால் ஆடிக் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். முதலில் போய்ச் சாப்பிடு என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. லேப்டாப்பை இப்போதே சார்ஜில் போட்டுவிட்டேன்.